பூகம்பத்துக்கு ஆள் பிடித்தவன்

பூமி ஆடினால் சிலர் வெளியே ஓடுவார்கள். சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வார்கள். நான் மட்டும்தான் பக்கத்து மனைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "உன் பூகம்பத்த நிறுத்துய்யா" என்று வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, கத்தியதன் சாரம் அதுதான்.

ஐம்பத்துமூன்று வயது. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை. எந்த மனுவை எந்த மேஜையில் கொடுப்பது என்று நாலு பேர் வந்து கேட்கிற முகம். இவ்வளவு இருந்தும் இந்த லட்சணம்.

போன வாரம், மண்டபம் மாறிப் போய் முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டு வந்ததை எழுதியிருந்தேன். "இதற்கு மேல் உங்களிடம் முட்டாள்தனம் இருக்க வாய்ப்பில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருக்கிறது ஐயா. படியுங்கள்.

கடுகு வெடித்த மதியம்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறத் தொடங்கியிருந்த மாதம். வேங்கிக்கால் வீட்டு ஹாலில், டைல்ஸ் குளிர்ச்சிக்காகத் தரையிலேயே படுத்திருந்தேன். பனியன், லுங்கி, வயிற்றின் மேல் பேப்பர். சமையலறையில் என் மனைவி கலா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு படபடவென்று வெடித்தது. பெருங்காய வாசனை வந்தது. இந்தக் கடுகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கப் போவது அதுதான்.

பக்கத்து மனையில் இரண்டு நாளாக போர்வெல் வண்டி நின்றிருந்தது. எங்கள் பக்கம் போர் போடுவதென்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேலே கொஞ்சம் மண். அதற்குக் கீழே பாறை, பாறை, பாறை. அதை இடித்துக்கொண்டே அந்த இரும்பு இறங்கும்போது தெருவே பல்லைக் கடிக்கும். டம்ளரில் தண்ணீர் நடுங்கும். பாறைத்தூள் வெள்ளை மாவாகப் பறந்து வந்து தலையணையில் உட்காரும். இரண்டு நாளாகக் கலா மொட்டை மாடிக் கொடியில் துணி போடவில்லை. இட்லியைக் கடித்தால்கூட நறநறவென்றது.

அப்படிப் படுத்திருந்தபோது முதுகுக்கு அடியில் 'தொம்' என்று ஒன்று.

அது சத்தமா, அடியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. காதில் கேட்டேனா, முதுகில் கேட்டேனா என்பதும் தெரியவில்லை. வீட்டுக்கு அடியில் யாரோ ஒரு லோடு ஜல்லியைக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்து ஒரு ஆட்டம். ஜன்னல் கதவு கிணுகிணுத்தது. ஃபேன் ஓடாமலே ஆடியது.

முதலில் பி.பி. என்று நினைத்தேன். காலையில் மாத்திரை போட்டேனா என்று யோசித்தேன். அப்புறம் சந்தேகம் கலா மேல் திரும்பியது.

"கலா, பீரோவ நகர்த்துறியா?"

"நான் எதுக்கு இப்போ பீரோவ நகர்த்துறேன்? நீங்க இன்னா படுத்துனே ஆடினு இருக்கீங்க?"

அதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. மொத்தம் நாலு நொடி இருக்கும். நின்ற பிறகு, ஆற அமர யோசித்துவிட்டு விழுவது போல, சுவரில் இருந்த காலண்டர் பொத்தென்று விழுந்தது.

அதன் பின்னால், ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி, தேசப்படத்தில் ஆறு ஓடுவது போல வளைந்து வளைந்து மேலே போயிருந்தது ஒரு வெடிப்பு.

"ஐயையோ, செவுரு!" என்றாள் கலா.

லுங்கியை மடித்துக் கட்டினேன். என் வீட்டை உடைத்தவன் யார் என்பது எனக்கு நொடியில் தெரிந்துவிட்டது.

காலண்டருக்குப் பின்னால்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பக்கத்து மனைக்காரர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேனே, அவர் சலீம் பாய். டவுனில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவர். பஞ்சு கம்மியாக இருக்கிறது என்று நான் சண்டைக்குப் போக, "கல்யாணம் ஆன புதுசுல எல்லாரும் மெத்தையத்தான் கொற சொல்லுவாங்க, ஆறு மாசம் போவட்டும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து சிநேகம். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட.

வேங்கிக்காலில் மனை போட்டபோது இரண்டு பேரும் பேசிவைத்து அடுத்தடுத்து வாங்கினோம். அப்போது அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிய தடம்கூட அழியவில்லை. வயதான காலத்தில் ஒருவருக்கொருவர் டீ கிளாஸ் நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று, நடுவில் இருக்கும் காம்பவுண்டு சுவரை மார்பளவுக்கு மேல் ஏற்றவில்லை. மேஸ்திரி திட்டினார். நாங்கள் கேட்கவில்லை.

நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிக் குடிவந்துவிட்டேன். பாய்க்கு இரண்டு பெண்களின் படிப்பு, அப்புறம் கல்யாணம் என்று தள்ளிப்போனது. இப்போது அவர் குடியிருக்கும் வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி நாள் குறித்துவிட்டார். அதனால் அவசரமாக வேலை ஆரம்பித்தார். வீடு கட்டத் தண்ணீர் வேண்டும். முதல் வேலை, போர்.

வீட்டுப் பிளானை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். கீழே இரண்டு ரூம். மேலே மாடி. மாடியில் பால்கனி. வளைந்து ஏறும் படிக்கட்டு. எனக்குத் தரைத்தளம் மட்டும்தான். அன்றைக்கு எட்டு காப்பி எடுத்தேன். ஒவ்வொரு காப்பியிலும் அந்த மாடி வந்தது.

இப்போது வெடிப்பு.

என் வீட்டுச் சுவர் ஏறிக்கொண்டிருந்த சமயம். ஜன்னலுக்கு மேல் லிண்டல் கான்கிரீட்டை சுவர் முழுக்கப் போட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். ஜன்னல் அகலத்துக்குப் போட்டால் போதாதா என்று வாதாடி ஜெயித்தவன் நான். ஆறே மாதத்தில் மூலையில் கோடு விழுந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டுப் பால் தடவி ஒட்டினார்.

"இந்தக் கண்ணாடி ஒடஞ்சா வெடிப்பு நகருதுனு அர்த்தம். எனக்கு போன் பண்ணுங்க. ஒடையலனா அது பாட்டுக்கு தூங்குதுனு அர்த்தம். விட்டுடுங்க" என்றார்.

மறுநாள் கிரகப்பிரவேசம். மாமனார் வீட்டிலிருந்து வேன் வருகிறது. கண்ணாடி ஒட்டிய சுவரை அவர்களுக்குக் காட்டி விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவசரத்துக்கு பாய் கடைக் காலண்டர் ஒன்று கையில் கிடைத்தது. ஆணி அடித்து மாட்டினோம். அடித்தது யார் என்று நினைவில்லை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அதை மறந்தே போனேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் மறந்தேன். வருஷா வருஷம் ஜனவரியில் காலண்டர் மாற்றும்போது மட்டும் பார்வையைக் கொஞ்சம் ஃபேன் பக்கம் வைத்துக்கொள்வேன்.

மார்பளவு சுவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே வந்தபோது பாய் தன் மனையில், பிளாஸ்டிக் நாற்காலியில், குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். போர் வண்டியின் ஆட்கள் நாலு பேர் அங்கங்கே நின்று என்னைப் பார்த்தார்கள்.

"பாய்! என் வூட்ட பொளந்துட்ட பாய்!"

"இன்னா சேகரு? இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? வந்து பாரு. செவுரு கீழ இருந்து மேல வரைக்கும் வாயத் தொறந்துனு நிக்குது. நானூறு அடி, ஐநூறு அடினு நீ பாட்டுக்கு எறங்கினே இருந்தா பக்கத்துல இருக்கறவன் இன்னா ஆவறது?"

"சேகரு, ஒரு நிமிஷம் இரு..."

"ஒரு நிமிஷமும் இல்ல. மாடி கட்றவங்களுக்குக் கீழ இருக்கறவன் எப்படிக் கண்ணுக்குத் தெரிவான்?"

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தயார் செய்து வைத்திருந்தது இல்லை. ஆனால் வெளியே வந்ததும், ரொம்ப நாளாக உள்ளே காத்திருந்தது போல, தடையில்லாமல் வந்தது.

பாயின் முகம் மாறியது. ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நான் நிறுத்தினேனா? இல்லை. "நாளைக்கு திங்கக்கிழம. மனு குடுத்துடுவேன், பாத்துக்க!" என்றேன். முப்பது வருஷ சிநேகிதனிடம்.

பாய் எழுந்து வண்டிக்காரரிடம் போனார். இரண்டே வார்த்தை பேசினார். அவர்கள் குழாய்களைக் கழற்றி ஏற்றினார்கள். நெட்டுக்குத்தலாக நின்ற கம்பத்தை மெதுவாகப் படுக்கப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. குழியின் வாயில் ஒரு சாக்கைத் திணித்து, மேலே கல்லை வைத்துவிட்டு, பாயும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவரை அந்தக் குழியில் தூள்தான் வந்திருந்தது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

நான் ஜெயித்த களிப்பில் உள்ளே வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு பேப்பரை எடுத்து மனு எழுத உட்கார்ந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் மனுவைக் காப்பி எடுப்பவனுக்குச் சொந்தமாக ஒரு மனு எழுதுவது தனி சுகம். 'மனுதாரராகிய நான்' வரைக்கும் அமர்க்களமாக வந்தது.

எதிர்மனுதாரர் யார்?

அப்போதுதான் செல்போன் டிங் டிங் என்றது. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் ரோஜாப்பூ, ராத்திரியில் நிலா, நடுவில் தண்ணீர் லாரி பற்றிய விசாரணை. அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

'யாருக்காவது ஆடுச்சா?'

'எங்க வூட்டுல பாத்திரம் உருண்டுச்சு.'

'கீழ்பென்னாத்தூர்ல எங்க மச்சான் வூட்டுலயும் ஆடுச்சாம்.'

'நம்ம கோயில் மலைக்கு உள்ளார நெருப்பு இருக்குங்க, சும்மாவா சொன்னாங்க.'

'அதெல்லாம் இல்ல, குவாரியில வெடி வெச்சிருப்பான்.'

டிவியைப் போட்டேன். கீழே ஓடும் வரியில் எங்கள் மாவட்டத்தின் பெயர். லேசான நில அதிர்வு, பாதிப்பு எதுவும் இல்லை.

என் பேனா அப்படியே நின்றது. பஸ் ஏறிப் போக வேண்டிய கீழ்பென்னாத்தூர் மச்சான் வீட்டையும் சேர்த்து ஆட்ட பாயின் வண்டியால் முடியுமா? எனக்குக் குழப்பமாக இருந்தது. மூன்றாவது வீட்டில் வளர்மதி டீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவர். போய் கேட்டைத் தட்டினேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். போர் போட்டா பூகம்பம் வருமா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், அது கிளம்பறது கிலோமீட்டர் கணக்கு ஆழத்துல. இந்த வண்டி எறங்கறது ஆயிரம் அடிகூட இல்ல. யானைய கொசு கடிச்சா யானை உருண்டுடுமா?"

"அப்போ ஏன் ஆடுச்சு?"

"நம்ம கீழ இருக்கற பாறை ரொம்பப் பழசு சார். கெட்டிதான். ஆனா உள்ள அங்கங்க பழைய வெடிப்பு இருக்கு. ரெண்டு பக்கத்துல இருந்தும் அழுத்தம் வந்துனே இருக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுவும் தாங்கினே இருக்கும். ஒரு நாள் தாங்க முடியாம கொஞ்சூண்டு நகந்துடும். அந்த அதிர்ச்சிதான் நமக்கு வந்து சேருது. மொதல்ல ஒரு தட்டு, அப்பால ஒரு ஆட்டம்."

"அப்போ இன்னைக்கு புதுசா எதுவும் ஒடையலயா?"

"பெரும்பாலும் பழைய வெடிப்புதான் சார் நகரும். இவ்ளோ லேசான ஆட்டத்துக்கு ஒழுங்கா கட்டின வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது. உங்க வூட்டுல ஏதாவது ஆச்சா?"

"லேசா..." என்று சொல்லிவிட்டு வந்தேன். 'ஒழுங்கா கட்டின' என்பது காதிலேயே நின்றது.

வீடு வருவதற்குள் மனசுக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டேன். பூமி ஆடியது உண்மை. வண்டி இடித்ததும் உண்மை. குற்றத்தில் பாதி பூமிக்கு, பாதி பாய்க்கு. மனுவில் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் இரண்டு பேர் போட வேண்டியிருக்கும். பூமிக்கு விலாசம் என்ன எழுதுவது என்று யோசித்தபடி உள்ளே நுழைந்தேன்.

கலா ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி.

"ஏங்க, இது இன்னா கண்ணாடி?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"உங்களத்தான். பூகம்பம் வந்து செவுத்துல கண்ணாடி ஒட்டிட்டு போச்சா?"

"கலா... அது ஒடஞ்சிருக்கா?"

துணியால் தூசியைத் துடைத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். "ஒடையல. ஒரு கீறல்கூட இல்ல."

அவள் இறங்கி வந்தாள். நான் மேஸ்திரி கதையைச் சொன்னேன். வேறு வழியில்லை. கண்ணாடி முழுசாக இருக்கிறதென்றால் வெடிப்பு தூங்குகிறது. ஆறு வருஷமாகத் தூங்குகிறது. பூமியால் அதை எழுப்ப முடியவில்லை, பாயின் வண்டியாலும் முடியவில்லை. எதிர்மனுதாரர் இரண்டு பேரும் விடுதலை. பாக்கி நின்றது மனுதாரர்.

"அந்த மனுஷன் வூட்ட காலி பண்ண நாள் எண்ணினு இருக்காரு. தண்ணி இல்லாம எப்படிக் கட்டுவாரு? இந்த வெயில்ல போர் வண்டி ஒருதடவ போச்சுனா சும்மா கெடைக்குமா? போயி வண்டிய கூட்டினு வாங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "காலண்டர் மாட்ற மூஞ்சியப் பாரு" என்றாள்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு சாட்சி

மறுநாள் திங்கட்கிழமை. மனு நாள். என் கடையில் வரிசை நிற்கிற நாள். ஷட்டரைத் திறக்காமல் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். வண்டி அங்கேதான் போயிருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் யாரோ காலால் தரையைத் தட்டினால்கூட திடுக்கென்றது. ஒருமுறை எழுந்தே நின்றுவிட்டேன். கண்டக்டர், "இன்னும் ஸ்டாப்பு வர்ல சார், உக்காருங்க" என்றார்.

மல்லாட்டை எடுத்து முடித்த ஒரு கொல்லை நிலத்தில் வண்டி நின்றிருந்தது. ஆபரேட்டர் திருச்செங்கோட்டுக்காரர். கண்ணையும் பல்லையும் தவிர முழுக்க வெள்ளைத்தூள்.

"ஏனுங்க, நீங்க அந்த வேங்கிக்கால் வூட்டுக்காரர் தானுங்களே?"

"ஆமா தம்பி. ஒரு சின்ன குழப்பம் ஆயிடுச்சு. பூமி ஆடுனது வேற, உங்க மிஷின் ஆட்டுனது வேற. நான் ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டேன். கோவிச்சுக்காம திரும்பி வாங்க."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "மிஷின் எங்கீங்க ஆட்டுச்சு? அந்நேரம் மிஷினே ஓடலீங்களே."

"ஓடலயா?"

"சோத்துக்கு நிறுத்தி அரை மணி நேரமாச்சுங்க. நீங்க செவுத்துக்கு மேல கத்தையில நாங்க நாலு பேரும் கையில சோத்தோடதானுங்களே நின்னோம். பாக்கலீங்களா?"

அப்போதுதான் கடுகு ஞாபகம் வந்தது. அந்த மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. சமையலறைக் கடுகு வெடித்தது ஹாலில் படுத்திருந்த எனக்கு எப்படிக் கேட்டது? தெருவே அமைதியாக இருந்திருக்கிறது. இரண்டு நாள் கேட்ட சத்தத்தை என் மண்டை தானாகவே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாய் சொல்லலயே தம்பி..."

"நாங்களும் அவரு சொல்லுவாருன்னுதானுங்க பாத்தோம். 'எடுங்க வண்டிய'ன்னு மட்டும் சொன்னாரு."

"சரி, எப்போ வர்றீங்க?"

"அவரு போன் பண்ணா வாரோமுங்க. நீங்க சொன்னா வர மாட்டோம். நாளைக்கு அங்க மறுபடி ஏதாச்சும் ஆடுச்சுன்னா யாரு பேச்சு வாங்கறதுங்க?"

பஞ்சுக்கு நடுவில்

திரும்பி வந்து நேராக மெத்தைக் கடைக்குப் போனேன். பாய் தரையில் உட்கார்ந்து, ஒரு பெரிய மெத்தையின் நடுவில் நீள ஊசியை இறக்கி நூல் இழுத்துக்கொண்டிருந்தார். மீசையில் பஞ்சு. என்னைப் பார்த்துவிட்டு அடுத்த தையலுக்கு ஊசியை இறக்கினார்.

எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை. அதனால் பாடம் எடுத்தேன். "பாய், இந்த மெத்தைய ரெண்டு பக்கமும் அழுத்தினே இருக்கனு வெச்சுக்க. நடுவுல பழைய மடிப்பு ஒண்ணு இருக்கு. அது தாங்கினே இருக்கும். திடீர்னு ஒரு நாள்..." என்று மெத்தை ஓரத்தைப் பிடித்து அழுத்தியும் காட்டினேன்.

"கைய எடு. ஊசி இருக்குது" என்றார்.

கையை எடுத்தேன். "பாய், தப்பு என்னுதுதான். அந்த மாடிப் பேச்சு பேசியிருக்கக் கூடாது. வண்டிக்கு ஒரு போன் போடு. நீ கூப்பிட்டாதான் வருவானாம்."

அவர் தையலை முடித்தார். நூலைப் பல்லால் கடித்தார். பஞ்சைத் தட்டிவிட்டு, செல்போனை எடுத்து, "தம்பி, புதங்கிழம வந்துடுங்க. அதே குழிதான். ஆமா, பக்கத்து வூட்டுக்காரருக்கு சொல்லியாச்சு" என்று வைத்தார்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் சும்மா இருக்க மாட்டேன்.

"மிஷின் ஓடலன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்? நான் வாய மூடினு போயிருப்பேன். அந்த வெடிப்பு பழசுன்னு எனக்கே நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

பாய் அடுத்த ஊசிக்கு நூல் கோத்தார். நுனியில் முடிச்சுப் போட்டார்.

"சேகரு, அந்தக் காலண்டருக்கு ஆணி அடிச்சவனே நான்தான். எங்க அடிச்சா வெடிப்பு மறையும்னு நீதான் ஸ்டூல புடிச்சினு காட்டுன."